அணைக்கு மேலே, அணைக்குக் கீழே: நீர்த்தேக்கத்தில் ஒரு நாளைக் கழிக்க முழுமையான வழிகாட்டி

நீர்த்தேக்கம் பார்ப்பதற்கு இயற்கையான ஏரி போலத்தான் இருக்கும். ஆனால் ஏரியின் நீர்மட்டத்தை மழையும் வெயிலும் தீர்மானிக்கின்றன. நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மனிதர்கள். பாசனம், மின்சாரம், குடிநீர், வெள்ளத் தடுப்பு என்று பல கணக்குகளைப் பார்த்து அவர்கள் மதகைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள். கரையில் நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பது அந்தக் கணக்கில் வராது. நீந்துவது, படகோட்டுவது, மீன் பிடிப்பது, கூடாரம் அடிப்பது எதுவானாலும் இதை நினைவில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

1. எந்தப் பகுதிக்குப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘அணைக்குப் போகிறோம்’ என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அங்கே நான்கு வேறு வேறு இடங்கள் இருக்கின்றன.

ஆறு வந்து சேரும் மேல்முனை ஆழம் குறைந்தது. வண்டல் படிந்து சேறும் நாணலுமாக இருக்கும். பறவை பார்க்கவும் மீன் பிடிக்கவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. நடுவில் இருக்கும் அகன்ற நீர்ப்பரப்பு படகுக்கு ஏற்றது. அணைச்சுவரை ஒட்டிய பகுதி பார்ப்பதற்கு மட்டும்தான். அங்கே தண்ணீரில் இறங்கவே கூடாது. நான்காவது, அணைக்குக் கீழே ஓடும் ஆறு. பாறைகளும் தெளிந்த நீரும் ஆழமில்லாத ஓட்டமுமாக, குடும்பத்தோடு வருகிறவர்களை அதுதான் முதலில் இழுக்கும். அதிக ஆபத்து இருப்பதும் அங்கேதான். அதனால் அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

2. கிளம்புவதற்கு முன் மூன்று எண்களைப் பாருங்கள்

நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். பெரும்பாலான பெரிய அணைகளில் இந்த மூன்றையும் அன்றாடம் வெளியிடுகிறார்கள். வெளியேற்றத்தைப் பெரும்பாலும் வினாடிக்கு இத்தனை கன அடி என்றோ கன மீட்டர் என்றோ சொல்வார்கள். ஒரு கன அடி என்றால் சுமார் 28.3 லிட்டர். வினாடிக்கு 10,000 கன அடி திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றால் ஒவ்வொரு வினாடியும் சுமார் 2,83,000 லிட்டர் தண்ணீர் வெளியே போகிறது. கொள்ளளவை டி.எம்.சி. கணக்கில் சொல்வார்கள். ஒரு டி.எம்.சி. என்றால் அது நூறு கோடி கன அடி, அதாவது ஏறக்குறைய 2,832 கோடி லிட்டர்.

எண்களைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரத்து வெளியேற்றத்தைவிட அதிகமாக இருந்தால் நீர்மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று உட்கார்ந்த கரை இன்று தண்ணீருக்குள் போயிருக்கலாம். அணை ஏறக்குறைய நிரம்பியிருந்து, மேலே மலையில் மழையும் பெய்கிறது என்றால் உபரி நீரை எந்த நேரத்திலும் திறப்பார்கள். அன்றைக்குக் கீழ்ப்பகுதிக்குப் போகும் திட்டத்தை யோசிக்காமல் கைவிடுங்கள். நீர்மட்டம் மிகவும் இறங்கியிருந்தால் படகுத்துறைக்கே தண்ணீர் எட்டாது. அமெரிக்காவின் ஹூவர் அணைக்குப் பின்னால் இருக்கும் மீட் ஏரியில் 2022-ல் தண்ணீர் வற்றியபோது படகு இறக்கும் சரிவுகள் பலவும் பயன்படாமல் போயின. இரண்டாம் உலகப் போர்க் காலப் படகு ஒன்றுகூட வெளியே தலை காட்டியது.

அப்புறம், அனுமதி. நீந்தலாமா, சொந்தப் படகு விடலாமா, மீன் பிடிக்க உரிமம் வேண்டுமா, இரவு தங்கலாமா, ட்ரோன் பறக்கவிடலாமா என்பதெல்லாம் அணைக்கு அணை மாறும். பல அணைகளில் பாதுகாப்புக் காரணமாகப் படம் எடுக்கவே தடை உண்டு. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மலைக்கு நடுவே இருக்கும் நீர்த்தேக்கங்களில் கைபேசிச் சிக்னல் கிடைக்காமல் போவது சாதாரணம்.

3. அணைக்குக் கீழே: இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்

2014 ஜூன் 8 அன்று மாலை, இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த மாணவர்களை, மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துச் சென்றது. ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த 24 மாணவர்கள் இறந்தார்கள். அவர்கள் நீந்தவோ ஆழத்தில் இறங்கவோ இல்லை. பார்த்தால் ஆபத்தில்லாத இடத்தில்தான் நின்றிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வது முக்கியம். மின் நிலையம் இருக்கும் அணையில், தேவை கூடியதும் விசையாழிகளை (டர்பைன்களை) சில நிமிடங்களில் ஓடவிடலாம். நீர்மின்சாரத்தின் பெரிய வசதியே அதுதான். ஆனால் அந்த வசதி, கீழே இருக்கும் ஆற்றில் திடீர் வெள்ளமாக வந்து சேருகிறது. காலையிலும் மாலையிலும் மின்தேவை உச்சத்துக்குப் போவதால், மழையே இல்லாத நாளிலும் அந்த நேரங்களில் ஆறு ஏறுவது பல இடங்களில் அன்றாட நிகழ்வு. வானம் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

தூரமும் ஏமாற்றும். அணைக்குப் பத்து கிலோமீட்டர் கீழே இருந்தால், தண்ணீர் திறப்பதை எச்சரிக்கும் சங்கொலி காதில் விழாது. தண்ணீர் மனிதன் நடக்கும் வேகத்தில் வந்தாலும் அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு மணி நேரம் ஆகும். மதகு திறந்த செய்தியே தெரியாமல், அது திறந்து வெகுநேரம் கழித்து உங்கள் காலடியில் தண்ணீர் ஏறும்.

கீழ்ப்பகுதிக்குப் போயே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதலில் ஏறிச் செல்லும் வழியைத் தேடி வையுங்கள். அது குழந்தையும் வயதானவரும் ஏறக்கூடிய வழியாக இருக்க வேண்டும். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே உட்காராதீர்கள். ஆற்றின் நடுவே இருக்கும் மணல் திட்டுக்கும் பாறைக்கும் போகாதீர்கள். தண்ணீர் ஏறும்போது முதலில் நிரம்புவது உங்களுக்கும் கரைக்கும் இடையே இருக்கும் பள்ளம்தான், அதனால் திட்டு மூழ்குவதற்கு முன்பே வழி அடைபட்டுவிடும். தண்ணீரின் விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்து அடிக்கடி பாருங்கள். கல் நனைந்தால், தெளிவாக ஓடிய நீர் கலங்கினால், சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தால், ஓசை மாறினால், பைகளை எடுக்க நிற்க வேண்டாம். சங்கு ஊதினால் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்காமல் மேலே ஏறுங்கள். நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுதானே என்று நின்றவர்கள் விழுவது இதனால்தான்.

வெயில் காலத்திலும் இந்தத் தண்ணீர் சில்லென்று இருக்கும். கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே வெதுவெதுப்பு, அடியில் குளிர். மின் நிலையத்துக்கான நீர் பெரும்பாலும் அடியடுக்கிலிருந்து போகிறது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை வருவதற்கு முன் கோடையில் 25 டிகிரிக்கு மேல் போன ஆற்று நீர், அணை வந்த பிறகு பல ஆண்டுகள் 10 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருந்தது. வெதுவெதுப்பான ஆற்றில் வாழ்ந்த மீன்கள் குறைந்து, குளிர்நீரை விரும்பும் டிரவுட் மீன் அங்கே பெருகிவிட்டது.

இனி தடுப்பணைகள். ஆள் உயரம்கூட இல்லாத தடுப்பணையில் நீர் வழிந்து விழுவதைப் பார்த்தால் அருவிபோல அழகாக இருக்கும், குளிக்கத் தோன்றும். விழும் நீர் அடியில் போய், மேலே எழுந்து, மறுபடி சுவரை நோக்கியே திரும்பிச் சுழல்கிறது. உள்ளே மாட்டியவரை அது சுவருக்கு இழுத்து, அமுக்கி, வெளியே தள்ளி, மறுபடி இழுக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் மிதக்கும் சக்தியும் குறைகிறது. தேர்ந்த நீச்சல்காரரும் லைஃப் ஜாக்கெட் போட்டவரும்கூட இதில் இறந்திருக்கிறார்கள். காப்பாற்றக் குதித்தவர்களும் அப்படியே. மேலிருந்து படகில் வந்தாலும் ஆபத்துதான், ஏனென்றால் மேற்பக்கத்திலிருந்து பார்த்தால் விளிம்பு கண்ணுக்கே தெரியாது. தடுப்பணைக்கு மேலேயும் கீழேயும் நல்ல தூரம் விட்டு நில்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது.

4. நீந்த இடம் தேர்ந்தெடுப்பது

அனுமதி உள்ள, மிதவை கட்டி எல்லை போட்ட, காவலர் இருக்கும் இடமாகப் பாருங்கள். நீர்த்தேக்கத்தின் கரை என்பது உண்மையில் ஒரு பள்ளத்தாக்கின் சரிவு. அதனால் இரண்டடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது அடியில் ஆழம் காணாது என்பது சாதாரணம். அடியில் பழைய வேலி, வீட்டுச் சுவர், வெட்டாமல் விட்ட மரங்கள் இருக்கலாம். போன மாதம் குதித்த இடத்தில் இந்த மாதம் தண்ணீர் மூன்று மீட்டர் இறங்கியிருக்கலாம். எனவே தலைகீழாகக் குதிப்பது கூடவே கூடாது.

மேற்பரப்பு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நம்பி ஆழத்துக்குப் போனால் கால் குளிர் அடுக்கைத் தொடும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று விழுந்தால் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கும். முகம் நீருக்குள் இருந்தால் அந்த முதல் மூச்சே தண்ணீராகிவிடும். அப்படி விழுந்தால் நீந்தப் பார்க்காதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும் வரை ஓரிரு நிமிடம் பொறுங்கள். அதன் பிறகு கரையைப் பற்றி யோசிக்கலாம். மிகக் குளிர்ந்த நீரில் கைகால் உருப்படியாக வேலை செய்வது ஏறக்குறைய பத்து நிமிடம்தான், அதற்குள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் கரையோரம் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசி. அதன் நச்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. நாய்கள் அந்த நீரைக் குடித்துச் செத்துப்போவதுண்டு. நீங்களும் இறங்க வேண்டாம், நாயையும் விடாதீர்கள். மின் இணைப்பு உள்ள படகுத்துறைகளை ஒட்டியும் நீந்தக் கூடாது. மின்கசிவு இருந்தால் தண்ணீரில் இருப்பவரின் தசைகள் செயலிழந்துவிடும்.

5. படகில்

லைஃப் ஜாக்கெட் படகில் கிடந்தால் போதாது, உடலில் இருக்க வேண்டும். அளவு சரியா என்று பார்க்க, கொக்கிகளைப் போட்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கு மேலே ஏறினால் அது பெரியது. குழந்தைகளுக்குக் காலிடுக்கில் பட்டி உள்ளதையே வாங்குங்கள். ஜாக்கெட்டின் மிதக்கவைக்கும் விசையை நியூட்டன் என்ற அலகில் குறிப்பார்கள். நன்றாக நீந்தத் தெரியாதவருக்கு 50 நியூட்டன் அளவு போதாது; 100 நியூட்டனோ அதற்கு மேலோ உள்ளது, முகத்தை மேலே திருப்பிப் பிடிக்க உதவும்.

காலையில் கிளம்பி மதியத்துக்குள் கரை சேர்வது நல்லது. வெயில் ஏறஏறப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும். தடையில்லாமல் காற்று ஓடக்கூடிய நீளம் எவ்வளவோ அவ்வளவுக்கு அலையும் பெரிதாகும். நீண்டு கிடக்கும் நீர்த்தேக்கத்தின் ஒரு முனையிலிருந்து வீசும் காற்று மறுமுனையில் சிறிய படகைக் கவிழ்க்கும் அலையை எழுப்பிவிடும். துடுப்புப் படகுக்காரர்களுக்கு ஒரு நல்ல பழக்கம்: போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

மிதவைகளைக் கோர்த்துக் கட்டிய கோட்டைத் தாண்டாதீர்கள். அதற்கு அப்பால் விசையாழிக்கும் உபரி நீர்ப் போக்கிக்கும் தண்ணீர் இழுக்கிறது. மேற்பரப்பு அசையாமல் இருந்தாலும் அடியில் இழுவை இருக்கும். மேல்முனையில் வேகம் குறைத்து ஓட்டுங்கள். கானா நாட்டில் அகோசோம்போ அணையால் உருவான வோல்டா ஏரியில், மூழ்கிய மரங்களின் அடித்தண்டில் மோதிப் படகுகள் கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். இயந்திரப் படகின் பின்பக்கம் புகை வரும் இடத்தில் யாரையும் உட்காரவோ நீந்தவோ விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வருவதே தெரியாது.

இடி கேட்டால் உடனே கரை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்கும் குறைவாக இருந்தால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும்.

6. மீன் பிடிக்க: நீர்மட்டத்தைப் படியுங்கள்

இங்கேதான் நீர்த்தேக்கம் தன் சுவாரசியத்தைக் காட்டும். அணை கட்டுவதற்கு முன் ஓடிய பழைய ஆற்றுத்தடம் அடியில் அப்படியே பள்ளமாக இருக்கிறது. மீன்கள் அதைப் பாதையாகவே பயன்படுத்துகின்றன. பழைய வரைபடம் கிடைத்தால் அந்தத் தடம் எங்கே வளைகிறது, எந்த மேட்டு மூக்கு (நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடு) அதை ஒட்டி வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூண்டில் போட அந்த மூக்குதான் இடம்.

நீர்மட்டம் ஏறும்போது புதிதாக மூழ்கிய புல்லிலும் புதரிலும் புழுவும் பூச்சியும் கிடைக்கும், மீன்கள் கரையோரம் வரும். அப்போது ஆழத்தில் போட்டுக் காத்திருப்பது வீண். நீர்மட்டம் இறங்கினால் அவை பின்வாங்கி ஆழமான விளிம்புக்குப் போய்விடும். கோடைக் கடைசியில் அடியடுக்கில் பிராணவாயு குறைந்துவிடுவதால் மிக ஆழத்தில் மீன் இருக்காது. வெதுவெதுப்பும் குளிரும் சந்திக்கும் மட்டத்துக்குச் சற்று மேலே தூண்டிலை நிறுத்திப் பாருங்கள். ஆறு வந்து சேரும் முகத்துவாரம் எந்தப் பருவத்திலும் கைவிடாது, மழைக்குப் பின் இன்னும் நன்றாக இருக்கும்.

வற்றிய கரையில் நடக்கும்போது கவனம். மேலே வெடித்துக் காய்ந்திருக்கும் சேறு உள்ளே குழைவாக இருக்கும். கால் புதைந்தால் திமிறாதீர்கள். பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தளர்த்தி, ஒவ்வொரு காலாக எடுங்கள். அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். அது பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

7. பறவை பார்க்க, நடக்க

நீர் இறங்கும் பருவத்தில் மேல்முனையின் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும்போது உள்ளான் வகைகளும் கொக்கும் நாரையும் குவியும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும். மின் நிலையத்துக்குக் கீழே நீர்க்காகங்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். விசையாழி வழியே வந்து மயங்கிய மீன்கள் அவற்றுக்கு எளிதான இரை. பாதுகாப்பான உயரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். மண் அணையின் சரிவில் அடுக்கியிருக்கும் கற்கள் மேல் ஏறி நடக்க வேண்டாம். கல் உருளும், இடுக்கில் பாம்பும் இருக்கும்.

8. கூடாரம் எங்கே அடிப்பது

கரையைச் சுற்றிலும் பாறையில் ஒரு வெளுத்த பட்டை தெரியும். அதன் மேல்விளிம்புதான் தண்ணீர் முன்பு எட்டிய உயரம். அந்தக் கோட்டுக்கும், பழைய கட்டைகளும் குப்பையும் ஒதுங்கிக் கிடக்கும் வரிக்கும் மேலேதான் கூடாரம் இருக்க வேண்டும். இரவில் மேலே மழை பெய்து நீர்மட்டம் ஏறினால் தூக்கத்தில் தெரியாது. ஓடைப் பள்ளத்தில் அடிக்காதீர்கள். தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி இருங்கள். மலம், சிறுநீர் கழிப்பதும் பாத்திரம் துலக்குவதும் அதே தூரத்துக்கு அப்பால்தான். யாரோ ஒருவர் குடிக்கும் தண்ணீர் அது.

9. யாராவது மூழ்கினால்

மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சு விடவே வாய் போதவில்லை என்பதால் சத்தம் வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டு ஒருவர் நிமிர்ந்த நிலையில் இருந்தால் அவர் விளையாடவில்லை. கம்பு, துண்டு, துடுப்பு எதையாவது படுத்துக்கொண்டு நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிறு, மூடிய வெறும் கேன், மிதவை எதையாவது எறியுங்கள். பயிற்சி இல்லாமல் குதிக்காதீர்கள். அவசர உதவிக்கு அழைக்கும்போது அணையிலிருந்து எந்தப் பக்கம், எந்தக் கரை என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் மதகை மூடச் சொல்லி அணைக் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் போக வேண்டும். கரைக்குக் கொண்டுவந்த பிறகு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுக்க நேரம் செலவிடாமல், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துத் தொடங்குங்கள். பிறகு 30 முறை நெஞ்சை அழுத்துவது, 2 முறை மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும்.

10. கிளம்பும் முன்

படகின் அடிப்பகுதி, இயந்திரம், வலை, செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டிய செடியையும் சேற்றையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். படகுக்குள் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, முழுவதும் காயவிடுங்கள். குவாகா மட்டி என்ற விரல்நுனி அளவு சிப்பி 2007 ஜனவரியில் மீட் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் படகில் மிச்சமிருக்கும் நீரிலேயே ஊர் விட்டு ஊர் போகும், குழாய்களை அடைத்துவிடும். ஆகாயத்தாமரைக்குச் சிறு துண்டு போதும், புதிய நீர்நிலை முழுவதும் பரவிவிடும். அதனால் ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகும் திட்டம் இருந்தால், இடையில் படகு காய்வதற்குச் சில நாட்கள் ஒதுக்கி வையுங்கள்.